இருபத்து மூன்றாவது நிமிடத்துக் கதவு

படம் பார்க்கும் செயலியைத் திறந்தால் முதலில் அது "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும். எங்கள் கணக்கில் நான்கு கட்டங்கள். ஒன்று நான். இரண்டு பேர் கல்லூரியில் கூடப் படித்தவர்கள். ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி கல்யாணமாகி மதுரையில். நான்காவது கட்டத்தில் ஒரு மஞ்சள் வாத்து. அது என் தோழி, கோவிலம்பாக்கத்துக்காரி. கணக்கு பொதுவென்றாலும் கட்டம் அவரவர் சொந்தம் என்பது எங்களுக்குள் யாரும் சொல்லாமலே இருந்த ஒப்பந்தம். அந்த வாத்தை நான் நான்கு மாதங்கள் ஒளிந்து ஒளிந்து தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அஸ்தினாபுரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆவணப்படம் போடுவார்கள். நடத்துபவர் அந்த சென்டரின் கணக்கு வாத்தியார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணா. முப்பது பேர் வருவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பார்ப்போம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் கைபேசியைத் தொடக் கூடாது, டீ கிடையாது, சமோசாவும் கிடையாது. இதற்கு 'வாய்த்திறப்பு' என்று பெயர். பேசுகிறவர் வாயைத் திறந்தால்தான் மற்றவர்கள் சமோசாவுக்கு வாயைத் திறக்கலாம்.

ஒன்றரை வருடம் அந்த வாய் என்னுடையதாக இருந்தது. அண்ணா விளக்கைப் போட்டுவிட்டு நேரே என்னைத்தான் பார்ப்பார்.

எனக்குக் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. சொல்ல விஷயம் இல்லாத இயக்குநர்தான் ட்ரோனைப் பறக்கவிடுவார் என்பது என் கட்சி. எட்டுப் பகுதித் தொடர்களில் ஐந்தாவது பகுதி எப்போதும் வாடகைக்கு விட்ட அறை மாதிரி, யார் யாரோ வந்து போவார்கள், கதை மட்டும் வீட்டில் இருக்காது. பேட்டி கொடுப்பவர் அழத் தொடங்கியதும் பியானோ வாசிப்பவர்களை மன்னிக்கவே கூடாது. இப்படி நிறைய. வேலை கிண்டியில், வீடு இரும்புலியூரில். தாம்பரத்தில் ரயிலேறி இறங்குவதற்குள் அரைப் படம் பார்த்துவிடுவேன். எங்கே வெட்டினார்கள், எங்கே காட்சிக்கு முன்பே ஒலியை முந்தவிட்டார்கள் என்று குறிப்பெடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லும்போது முன்பெஞ்சில் தலைகள் ஆடும். அந்தத் தலையாட்டல் எனக்குச் சம்பளத்தைவிடப் பிடித்திருந்தது.

தோழியை அங்கே அழைத்துப் போனது நான்தான். "சும்மா வாடி, சமோசா நல்லா இருக்கும்" என்றுதான் கூப்பிட்டேன்.

அன்றைக்குப் போட்ட படம், விமான நிலையத்துக்காக நிலத்தை இழந்த ஒரு கிராமத்தைப் பற்றியது. வெளிநாட்டுப் படம். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். நிலத்தின் அகலத்தையும் முகங்களின் நெருக்கத்தையும் இயக்குநர் மாற்றி மாற்றி வைத்திருந்த விதத்தைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடிந்ததும் அண்ணா மரியாதைக்காக, "புதுசா வந்தவங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இல்ல சார், ஒரே ஒரு டவுட்டு. படத்துல எல்லாருமே அழறாங்க. எங்க வூட்ல நெலத்த வித்த அன்னிக்கி ஒருத்தரும் அழல. பிரியாணி ஆக்குனோம். எங்கப்பா எல்லாருக்கும் புதுத்துணி எடுத்தாரு. இப்ப அந்த எடத்துல நிக்கிற அபார்ட்மென்ட்டுக்கு எங்கம்மா தான் தெனம் வூடு வூடா பூ போட்றாங்க. அந்த ஊர்ல பிரியாணி சாப்ட்டவன் ஒருத்தன் கூடவா இல்ல?"

 மாடியே சிரித்தது. சிரித்து முடித்ததும் யாரும் சமோசாவை நோக்கிப் போகவில்லை. எல்லோரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். டீ ஆறியது. அந்த மாடியில் நான் பேசி முடித்து டீ ஆறியதாகச் சரித்திரம் இல்லை.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்கு அது காதில்தான் வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் படிப்பில் என்னைவிட மட்டம். ஆங்கிலப் படத்துக்கு அடியில் எழுத்து ஓடினால்தான் புரியும் அவளுக்கு. இயக்குநர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அந்தக் கேள்வி இன்னும் நல்ல கேள்வியாக ஆகிக்கொண்டே போனது.

அன்று இரவே முதல்முறையாக வாத்தைத் தொட்டேன். அவள் என்ன பார்க்கிறாள்? பாதி பார்த்த படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு. எதையும் அவள் முழுதாகப் பார்ப்பதில்லை. எங்கெங்கோ நிறுத்தியிருந்தாள். நான் அந்த இடங்களை நோட்டில் குறித்துக்கொண்டு, என் கட்டத்துக்கு வந்து, அதே இடத்தைப் போட்டுப் பார்த்தேன். இங்கே ஏன் நிறுத்தினாள்? அந்த இடத்தில் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்தும் விடை புரியாதவள் மாதிரி இருந்தது என் நிலை.

அடுத்தடுத்த மாதங்களில் அண்ணா விளக்கைப் போட்டதும் ஒரு முறை என்னைப் பார்த்தார், இரண்டு முறை அவளைப் பார்த்தார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஓர் இணைய இதழின் ஆசிரியர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். மாதம் ஒரு பத்தி, படங்களையும் தொடர்களையும் பற்றி எழுத, புது ஆள் தேடுகிறார். வாய்த்திறப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்வாராம். எனக்கு அந்தப் பத்தி வேண்டும். கிண்டி வேலையில் நான் நாள் முழுக்க யாரோ மறந்த கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் போட்டு, என் கருத்து என்று ஒன்று வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடமாகக் குறிப்பெடுத்தேன். அண்ணா இன்னாருக்கு என்று சொல்லாமல், "ரெண்டு பேரும் அஞ்சஞ்சு நிமிஷம் பேசுங்க" என்று முடித்துவிட்டார். படமும் சொல்லிவிட்டார். வடக்கே ஏதோ நகரத்தில், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதியைப் பற்றிய மூன்று பகுதித் தொடர். கூட்டத்தில் முதல் பகுதியை மட்டும் போடுவாராம், மீதியை வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டுமாம்.

ஒரே நாளில் மூன்றையும் பார்த்தேன். பிறகு வாத்தின் கட்டத்தைப் பார்த்தேன். அவள் இரண்டாவது பகுதியில், இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நின்றிருந்தாள். மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும்.

மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அங்கே என்ன இருக்கிறது?

சனிக்கிழமை மதியம் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தேன். குளியலறைக் கதவு. சாத்தியிருக்கிறது. உள்ளே குழாய் ஓடும் சத்தம். சற்று முன்புதான் ஒரு பெண் மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். கேமரா கதவுக்கு வெளியே நிற்கிறது. தட்டவில்லை. காத்திருக்கவும் இல்லை, சில நொடிகளில் திரும்பி நடைவழியில் காயும் துணிகளைப் பார்க்கப் போய்விடுகிறது. முதல்முறை பார்த்தபோது இதை நான் குறிக்கவே இல்லை. இப்போது புல்லரித்தது. இதுதான்! இந்தப் படம் எதைக் காட்டாமல் விட்டது என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. அடுத்தவரின் அழுகையை எட்டிப் பார்க்காத கேமரா. உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். பின்னால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். "இரும்மா!" என்று கத்தினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது மூன்றாவது பகுதியே முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரையின் மூலையில் மஞ்சள் வாத்து.

கட்டத்தை மாற்ற மறந்திருக்கிறேன். தினமும் கடவுச்சொல்லோடு மாரடிக்கிற நான்.

அவசர அவசரமாக இரண்டாவது பகுதியைத் திறந்து, இருபத்து மூன்றாவது நிமிடத்துக்கு இழுத்து, அந்தக் கதவருகே நிறுத்தினேன். நகை எடுத்தவள் டப்பாவைப் பழையபடி மூடி வைப்பது போல. ஆனால் மூன்றாவது பகுதியின் அடியில் சிவப்புக் கோடு முழுதாக ஓடி நின்றது. அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிறு மாலை. ஆசிரியர் கடைசிப் பெஞ்சில் இருந்தார். நான் முதலில் பேசினேன். கதவைப் பற்றித்தான். "எட்டிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு பார்வைதான்" என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஆசிரியர் சிறு நோட்டில் எதையோ எழுதினார். பக்கத்திலிருந்த தோழியும் தட்டினாள், கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு அவள் எழுந்தாள்.

"மூணாவது பார்ட்ட நான் பாக்கல. ஆனா என் புரொஃபைல்ல பாத்து முடிச்சிட்டதா காட்டுது. நான் தூக்கத்துல பாத்துட்டேனோ இன்னாவோ." சிரிப்பு. என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. "சரி போட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன். அப்பால வேணாம்னு வுட்டுட்டேன். மூணாவதுல ரிசல்ட்டு வந்துடும். ரிசல்ட்டு வர்ற வரிக்கும் தான் அந்தப் பொண்ணுங்க பாட்டு பாடுவாங்க, சண்ட போடுவாங்க, மேகி தின்னுவாங்க. வந்துட்டா பாஸானவ, ஃபெயிலானவ, அவ்ளோதான். எங்க அக்கா மூணு தபா எழுதுனா. மூணு தபாவும் ரிசல்ட்டு அன்னிக்கி தெருவே வந்து எங்க வூட்ட பாத்துட்டு போச்சு. சீரியல் பாக்க வர்ற மாரி. அதான், நான் போயி பாக்கல."

யாரும் கைதட்டவில்லை. முன்பெஞ்சில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அண்ணா டீயைக் கொண்டுவரச் சொல்லவே மறந்து நின்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவைப் பற்றிப் பேசினேன். அவள் கதவைத் திறக்காமலே வந்திருந்தாள்.

சமோசா வந்ததும் ஆசிரியர் நேரே அவளிடம் போனார். நான் டீ டம்ளரோடு இரண்டடி தள்ளி நின்றேன், வேறெங்கோ பார்ப்பதுபோல.

"எழுதறதா? பேஜாரு சார்," என்றாள் அவள், வாயில் சமோசாவோடு. "எனக்கு வாயில தான் வரும், கைல வராது. இவளாண்ட கேளுங்க. சூப்பரா எழுதுவா. நோட்டு நோட்டா வச்சினுகீறா."

அவர் என் பக்கம் திரும்பினார். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். கொஞ்சம் யோசிப்பதாவது நடித்திருக்கலாம்.

அவள் வீடு எதிர்த்திசை. ஆனாலும் ஸ்கூட்டரில் என்னைக் குரோம்பேட்டை ஸ்டேஷனில் விட வந்தாள். சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"நீ தான?"

"என்னது?"

"நடிக்காத. மதுரக்காரி சீரியல் தவிர எதுவும் பாக்க மாட்டா. பெங்களூர்க்காரிக்கு ஆபீஸே சரியாருக்கு. எதுக்குடி பாத்த?"

பொய் ஒன்றும் வரவில்லை. "நீ எங்க நிறுத்துறன்னு பாக்கத்தான். மூணு நாளா அந்தக் கதவுலயே நிறுத்தி வச்சிருந்த. அங்க என்னமோ உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு..."

அவள் ஹாண்டில்பாரில் தலையை வைத்துச் சிரித்தாள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"சிலிண்டர் வந்துச்சிடி! ஆஃப் பண்ணிட்டு காலி சிலிண்டர உருட்டிக்கினு போனேன். அத்தோட மறந்தே போச்சு. கதவா? நீ சொல்லித்தான் அங்க ஒரு கதவு இருக்கறதே எனக்குத் தெரியும். ஆனா நல்லாருந்துச்சு நீ பேசனது."

அப்படியானால் அந்தக் கதவு என்னுடையது. யாரிடமும் திருடாமல் நானே கண்டுபிடித்தது. ரயிலில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பெருங்களத்தூர் போகிறவர்களின் நெரிசலில் தாம்பரத்தில் இறங்கும்வரை சந்தோஷம் வரவே இல்லை. கதவை எனக்குக் காட்டியது அவளுடைய காலி சிலிண்டர். பத்தியைக் கொடுத்தது அவளுடைய சமோசா வாய். கோபப்படக்கூட அவள் எனக்கு இடம் வைக்கவில்லை.

இப்போது பத்தி எழுதுகிறேன். பெயர் போட்டு வருகிறது. கட்டத்துக்குப் பூட்டுப் போடும் வசதி அந்தச் செயலியில் இருக்கிறது. எப்படிப் போடுவது என்று நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "எதுக்கு?" என்றாள். இன்றுவரை போடவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாத்தின் மேல் பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் நிம்மதியாக இருக்கும். தொடுவதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். வழக்கமாகக் கத்துவேன். அன்று அவளைப் போலப் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பரணிலிருந்து அரிசி டின்னை இறக்கிக் கொடுத்தேன். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பேசினேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். ஒரு ஆள் காரில் ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

வெகுநேரம் பார்த்தேன். காரில் ஏறிக்கொண்டுதான் இருந்தான்.