ஆயுத பூஜைக்கு ஓய்வெடுக்காத கம்ப்யூட்டர்

புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. தேனி பஜாரில் கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் அடித்துக் கொடுக்கும் கடை. டிசைன் என் பொறுப்பு, அச்சு என் கணவர் பொறுப்பு. முகூர்த்தமே இல்லாத மாதத்தில், பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படியொரு புரட்டாசியில்தான் அந்த விஷயத்தைப் படித்தேன். உலகம் முழுக்கச் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியாகவே இரவல் வாங்கி, பெரிய பெரிய கணக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். நான் சேர்ந்தது டெங்குவுக்கு மருந்து தேடும் கணக்கில். முந்தைய வருடம் என் மகள் டெங்குவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதற்கென்று மருந்து இல்லையா என்று நான் கேட்டதும், டாக்டர் இல்லையென்று தலையாட்டியதும் மறக்கவில்லை. இனி என் மெஷினும் தேடும் என்று நினைத்தபோது சின்னப்பிள்ளை மாதிரி குதிக்கத் தோன்றியது. நாம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தால் கணக்கு ஒதுங்கி நின்றுகொள்ளும், விட்டால் தொடரும். ஒரே நிபந்தனை, கெடுவுக்குள் முடித்து அனுப்ப வேண்டும். தவறினால் அந்தத் துண்டு வேறு யாருக்கோ போய்விடும்.

என் முதல் துண்டுக்குக் கெடு விஜயதசமி பகல் பன்னிரண்டு மணி. முந்தின நாள், ஆயுத பூஜை காலையில் எண்பத்தொரு சதவீதம் முடிந்திருந்தது. துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தாளித்து எடுத்து வந்தால், திரை இருட்டாகக் கிடந்தது. கணவர் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் போட்டிருந்தார்.

"ஏங்க, யாரக் கேட்டு ஆப் பண்ணுனீக? அந்த டெங்கு மருந்துக் கணக்கு நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள முடியணும்னு சொன்னேன்ல?"

"பூசைக்கு வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுல்ல. அதுக்கும் ஒரு நா ஓய்வு வேணாமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "புரட்டாசி பூரா ஓய்வுலதான இருந்துச்சு? கம்பம் பஸ்ஸுக்கு வாழக்கன்னு கட்டி ஓட்டிக்கிட்டுத்தான போறாக? இன்னைக்கு ஆஸ்பத்திரில மெஷின நிப்பாட்டிட்டாகளா?"

ஆஸ்பத்திரி என்று சொன்னதும் அவர் சரத்தை ஒதுக்கிவிட்டுப் பிளக்கைச் சொருகினார்.

"நம்ம வேலையத்தான் பாக்கக்கூடாது. அவுக வேல ஓடட்டும்."

கணக்கு அழியவில்லை. கடைசியாகச் சேமித்திருந்த எண்பதிலிருந்து தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கே அவர் சூடம் காட்டினார். நான் சாமி கும்பிடும் சாக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதினொன்றேகாலுக்குத் தொண்ணூற்றொன்பதரை. அந்த நேரம் பார்த்து வடுகபட்டிக்காரர் ஒருவர், ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணமென்று பத்திரிகை அடிக்க வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். விஜயதசமியின் முதல் ஆர்டரை, வந்தவர் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். என் கணவர் ஒரு வருடமும் விடாத வழக்கம் அது. டிசைனைத் திறந்தால் கணக்கு நின்றுவிடும். வேறு வழி தெரியாமல் மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன்.

கணவர் என் கையை மறித்தார். "அண்ணே, செத்த இங்கன உக்காருங்க. மெஷின்ல ஒரு வேல ஓடுது."

"நல்ல நேரம் போயிருமேப்பா. அப்படி என்ன வேல?"

"டெங்குக்கு மருந்து தேடுது. எம் மகளுக்குக் கேட்டப்ப இல்லன்னுட்டாக."

வந்தவர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்திருந்தோம். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது துண்டு போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கெடச்சிருச்சா?" என்று எழுந்தே விட்டார் அவர். 

"இன்னும் இல்லண்ணே, தேடுவோம்" என்றார் என் கணவர்.