தடித்துப்போன புள்ளி

நைரோபியில் ஓர் ஆய்வகத்தின் அடித்தளம். சன்னலே இல்லாத இருட்டறையில் பதினோரு வருடமாகக் கான்ஃபோகல் நுண்ணோக்கியைக் கட்டிக்கொண்டு அழுதாள் கனானு. வருகிறவர்கள் ஸ்லைடை வைப்பார்கள், படமெடுப்பார்கள், "அசன்டே" என்று நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க நாதியில்லை. மேரு ஊரிலிருந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு போனும் அடிப்பதில்லை.

லேசர் கற்றை லென்சின் பின்பக்கத் துளையை நிரப்பி வழிய வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் வீண்தான். ஆனால் அப்போதுதான் மாதிரியின்மேல் விழும் புள்ளி மிக நுண்ணியதாக இருக்கும். கற்றையை ஒடுக்கினால் வெளிச்சமெல்லாம் உள்ளே போய்ப் படம் பளிச்சிடும், புள்ளியோ தடித்துவிடும், அருகருகே இருப்பவை ஒன்றாகத் தெரியும். இது கனானுவுக்குத் தெரியாததல்ல.

மலேரியாக் கிருமியை ஆராயும் ஒகோலா ஒருநாள் படம் மங்கல் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் கற்றையைக் கொஞ்சம் ஒடுக்கினாள்.

"அடேயப்பா! மந்திரம் கிந்திரம் போட்டீங்களாக்கா?"

அன்று அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கிசுமுவிலிருக்கும் தன் மகளைப் பற்றிப் பேசினான். மறுநாள் சூடான மண்டாசிப் பணியாரப் பொட்டலத்தோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கற்றையைத் திருப்பி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அளவு தெரிந்த நுண்மணிகளைப் படமெடுத்துப் புள்ளியை அளக்கும் வழக்கத்தையும் விட்டாள். அளந்தால்தானே வம்பு.

ஆறு வாரம் கழித்து ஒகோலா துள்ளிக்கொண்டு வந்தான். கிருமிக்குள் இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். கட்டுரை நாளைக்கு ஆய்விதழுக்குப் போகிறதாம்.

அவன் போனதும் கனானு நுண்மணிகளை அளந்தாள். இருநூற்றைம்பது நானோமீட்டர் இருக்கவேண்டிய புள்ளி நானூற்று முப்பது. கற்றையை விரித்து, அவன் ஸ்லைடையே மறுபடி பார்த்தாள். படம் மங்கல்தான். ஆனால் இரண்டு புரதங்களும் தனித்தனியாக நின்றன.

மாடியேறி ஒகோலாவிடம் போனாள். "டாக்டர், அத அனுப்பாதீங்க. ரெண்டும் ஒட்டல. என் புள்ளிதான் தடிச்சுக் கெடந்துச்சு."

"எத்தன நாளா?"

"ஆறு வாரமா. தெரிஞ்சேதான் வச்சிருந்தேன்."

"பைத்தியமாக்கா ஒங்களுக்கு? எதுக்கு?"

"படம் பளிச்னு வந்தா நீங்கள்லாம் ஒக்காந்து பேசுனீங்க."

மறுபடி எப்போது படமெடுக்கலாம் என்று மட்டும் ஒகோலா கேட்டான்.

அந்த வாரம் முழுக்க வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே போதும் என்றிருந்தது கனானுவுக்கு. அப்படி நினைத்ததில்தான் அவளுக்கு அழுகை முட்டியது.