கன்னம் நிரப்பிய கண்ணாடி

போன சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு வேடிக்கைச் சந்தைக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்றால்... என் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். ராட்டினம், வளையம் வீசும் கடை எல்லாம் முடிந்து கடைசியில் கண்ணாடிக் கூடாரம்.

உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி ஒன்று — முன்னால் நின்றால் ஆள் குச்சியாக இளைத்துப்போவார். உட்பக்கம் குழிந்த கண்ணாடி இன்னொன்று — அதில் நோஞ்சானும் பயில்வான்! என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குழிந்த கண்ணாடியைப் பார்த்ததும் மாரியப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் அப்போது ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கணக்கெழுதுகிற வேலை, கல்யாணமாகாத வயசு. விடியற்காலைப் பனி, புகைக்கூடத்து வாசனை, சாயங்காலம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் எழும் பேச்சும் சிரிப்பும்... அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. கொசுவை நினைத்தால் மட்டும் இல்லை.

மாரியப்பன் அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்து ஆளை உருக்கிவிட்டது. கொய்னா மருந்தைக் குடித்துக் குடித்து நாக்கு செத்து, கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

அவர் மனைவி காமாட்சி ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். மலாயாவுக்குக் கப்பலேறத் தயாராகத்தான் இருந்தாள். அதற்குள் இங்கிருந்து ஊர் திரும்பிய யாரோ ஒரு புண்ணியவான், மாரியப்பன் பிழைக்கமாட்டார் என்று சொல்லிவைத்துவிட்டான். அதை அண்ணன் பிடித்துக்கொண்டார். முதலில் போட்டோ வரட்டும், ஆள் தேறியிருந்தால்தான் தங்கையை அனுப்புவேன் என்று ஒரு தூரத்து உறவுக்காரர் மூலம் கறாராகச் சொல்லியனுப்பினார்.

மாரியப்பன் என்னிடம் வந்தார்.

"இந்த மூஞ்சியப் படம் புடிச்சு அனுப்புனா அவ வரமாட்டாங்கய்யா. அவ வரலன்னா நான் எதுக்கு இந்தக் கொய்னாவக் குடிக்கணும்?"

அழுதுகொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரயிலேறி இருவரும் குளுவாங் போனோம். அங்கே போட்டோக்கடை வைத்திருந்த சீனர், மாரியப்பனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கன்னத்துக்குள் பஞ்சு அடைத்துப் பார்த்தோம். குரங்கு கடலையை ஒதுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த வாரம் பக்கத்துத் திடலில் சீனக் கூத்து. கொட்டகையை ஒட்டி இதே மாதிரி ஒரு கண்ணாடிக் கூடாரம். எனக்குத் திடீரென்று தோன்றியது — ஆளைப் படம் பிடிப்பதற்குப் பதில், கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பிடித்தால் என்ன?

கையைக் காலை ஆட்டி, தெரிந்த மலாயில் சொன்னேன். "போலே," என்றார் சீனர். முடியும் என்று அர்த்தம். அதற்கு மேல் எங்களுக்கு மலாய் தேவைப்படவில்லை.

சொல்வதற்குச் சுலபம். குழிந்த கண்ணாடியை ஒட்டி நின்றால் மாரியப்பன் பழைய மாரியப்பனேதான். கொஞ்சம் பின்வாங்கினால் கன்னம் உப்பும். இன்னும் ஓர் அடி போனால் பூசணிக்காய். அதற்கும் மேல் போனால் உருவமே குழம்பிவிடும். ஆரோக்கியம் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தில் செருப்பால் ஒரு கோடு கிழித்தேன்.

காமிரா படத்தில் விழாதபடி சீனர் அதைப் பக்கவாட்டில் வைத்தார். முதலில் முகம் தெளியவில்லை. உருவம் கண்ணாடியின் மேல் இல்லை, அதற்கும் பின்னால் எங்கோ இருக்கிறது, அங்கே பார்க்கச் சொல்ல வேண்டும் இந்தப் பெட்டியை என்று சைகையில் விளக்கினார். அங்கே போய் யார் நிற்கிறார்கள்? இல்லாத இடத்தில் இல்லாத ஆள்!

அசையக் கூடாது. ஆனால் மாரியப்பனுக்கு அன்றைக்குக் குளிர் வருகிற நாள். பல் கிட்டத் தொடங்கிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் சிமிட்டாமல், மனைவியே எதிரில் நிற்கிற மாதிரி நின்றார் மனிதர். சீனர் காமிராவுக்கு மூடியைப் போட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து நடுங்கினார். என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன்.

படம் பிரமாதம். பண்ணையாரே தோற்றுப்போவார். அதை ஊருக்கு அனுப்பினோம். சில மாதங்களில் காமாட்சி வந்தே விட்டாள்.

ரெங்கம் ஸ்டேஷனில் நானும் நின்றேன். இறங்கியவள் மாரியப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் குனிந்து எடுக்கப்போன மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த கப்பலில் திரும்பிவிடுவாளோ என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் கவலை.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். மாரியப்பன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் போட்டோ பேச்சை எடுத்தேன். காமாட்சி பெட்டியைத் திறந்து படத்தை என் கையில் கொடுத்தாள். படமெடுக்கும்போது அழகுக்காகச் சீனர் மாரியப்பன் கையில் ஒரு கைத்தடியைக் கொடுத்திருந்தார். அதைத்தான் விரலால் காட்டினாள்.

"மனுசனுக்கு ஒடம்பு வைக்கும். கைத்தடிக்குமா வைக்கும்?"

பார்த்தேன். உலக்கை கனத்துக்கு இருந்தது தடி! கண்ணாடிக்குப் பாரபட்சம் தெரியாது, எதிரில் நிற்பதையெல்லாம் பெருக்கிவிடுகிறது. நாங்கள் மூன்று ஆண்கள் கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் அண்ணனும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"அப்ப ஏமாத்துன்னு தெரிஞ்சுதாம்மா வந்தே?"

காலியான கிண்ணத்தை வாங்கி மறுபடியும் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நல்லா இருக்கிற மனுசனுக்கு நான் எதுக்குங்கய்யா?"