சப்பட்டை காய்க்காத வருடம்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. வருடத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ராஜபாளையத்தில் எங்கள் தோப்பிலிருந்த சப்பட்டை மாமரங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் காய்க்கும். அது காய்க்காத முறை.

காய்த்த வருடங்களில் முதல் பறிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். ஆனால் தோப்பைப் பங்கு பிரித்ததிலிருந்து அப்பாவுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சில்லை. அதனால் அம்மாவும் நானும்தான் கூடையோடு போவோம். அப்பா பேருந்து நிலைய டீக்கடையிலேயே உட்கார்ந்துகொள்வார். காய்க்காத வருடம் யாரும் போவதில்லை. மரத்தைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வருடம், அப்பா நாற்றுப் பண்ணையில் வாங்கி வைத்திருந்த கலப்பின ஒட்டுமரம் முதன்முறையாகக் காய்த்தது. என் தோள் உயரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கின. நார் இருக்காது, கொட்டை மெல்லிசு, வருடம் தவறாது என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஆனால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“சப்பட்டை காய்க்கலைல்ல. பொறவு எதுக்குப் போகணும்?”

“நம்ம தோப்புல காய்ச்சதுதான இதுவும்?” என்றாள் அம்மா.

சப்பட்டைக்கு வைக்கும் நாள் கணக்கிலேயே வைக்கோலில் பழுக்க வைத்து எடுத்துப் போனோம். அத்தை ஒன்றை அறுத்து வாயில் போட்டாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“எந்தம்பி கோவம் இன்னும் பழுக்கல போல.”

“அப்படியில்ல மதினி, புது ரகம். இன்னும் ஒரு வாரம் கெடக்கணும் போல,” என்றாள் அம்மா.

அத்தை மிச்சத்தை எறியாமல் தின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். “ஏட்டி, இனி எப்ப வருவீக? அடுத்த வருசமா, அதுக்கடுத்த வருசமா?”

“இது வருசா வருசம் காய்க்கும் அத்த.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்புட்டுப் புளிப்பு போல என்று நினைத்தேன்.

டீக்கடையில் அப்பா கேட்டார்: “அக்கா என்ன சொன்னா?”

“மாங்கா புளிச்சு அழுதுட்டாகப்பா.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எங்களைப் பேருந்தில் ஏற்றினார், அவர் ஏறவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தை வீட்டுத் தெருவை நோக்கி நடந்தார்.

ஒரு வாரம் வைத்திருந்து தின்னச் சொல்வதற்கா இம்புட்டு வேகமாகப் போகிறார் என்று, ஊர் வந்து சேரும்வரை எனக்குக் குழப்பமாகவே இருந்தது.