ஒற்றை நாற்காலிக்கு ஜோடி வெட்டிய கதை

1. பெட்டியில் வந்தது

இப்போது சூப்பர்வைசராக இருக்கிற பெண்கள் என்னை எங்கே பார்த்தாலும் "அந்த நாற்காலி கதையைச் சொல்லுங்கக்கா" என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், ஒரு முறை ரேஷன் கடை வரிசையில்கூட. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆளாளுக்கு ஒரு கை சேர்த்துக் கதையும் வளர்ந்துகொண்டே போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் கம்பெனி பஸ். முதல் பதினேழு வருடம் ஸ்டிச்சிங் லைனில் ஷூவின் மேல்பாகம் தைத்தேன். பிறகு சாம்பிள் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள். லைனிலிருந்து எழுந்துபோய் சூப்பர்வைசர் ஆன முதல் பெண் நான்தான். "இவ எத்தனை நாளைக்கு?" என்று என் காதுபடவே பேசினவர்கள் உண்டு. அவர்கள் பெயரெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேண்டாம், விடுங்கள்.

சாம்பிள் செக்‌ஷனில் ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. என்ன மாடல், என்ன கலர், எத்தனை வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி கட்டரிடம் கொடுப்பேன். அதில் இருக்கிறபடி அவர் தோலை வெட்டுவார். எங்கள் கட்டர் அன்வர் பாய். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கத்தி பிடித்தால் ஒரு நூல்கூடப் பிசகாது. ஆனால் மனுஷர் கோபக்காரர். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நான் கடிகாரத்தைப் பார்த்தால் அவர் இன்னும் மெதுவாகத் தீட்டுவார். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஷூ ஆர்டர் கம்மியாகிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. புரொடக்‌ஷன் மேனேஜர் ரவி சார் தானே நின்று பிரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு நாற்காலியின் வெறும் கூடு. வெள்ளை ஃபைபர், கீழே ஒரே ஒரு ஸ்டீல் கால், தொட்டால் சுற்றியது. ஒரு பக்கம் தலைக்கு மேல் வரை ஏறி வளைந்து நின்றது. மறுபக்கம் இடுப்போடு சரிந்து முடிந்துபோனது.

"இன்னா சார் இது? முட்டைய யாரோ கடிச்சிட்டு பாதியில வெச்சிட்ட மாதிரி இருக்குது" என்றார் பாய்.

"பாய், இது உலகம் பூரா ஃபேமஸ். அம்பது வருஷத்துக்கு முன்னாடியே, வரப்போற காலத்துல வீட்டுல எல்லாம் இப்படித்தான் நாற்காலி இருக்கும்னு ஒருத்தர் வரைஞ்சது. மியூசியத்துல வெச்சிருக்காங்க. இப்ப மறுபடியும் செய்யறாங்க. பெரிய வீடுங்கள்ல ஹால்ல போடறதுக்கு. லெதர் கவர் நாம தைக்கறோம்."

"எங்க வீட்டு ஹால்ல இத போட்டா நாங்க எல்லாம் தெருவுலதான் சார் உக்காரணும்."

அன்றே அதற்கு ராக்கெட் நாற்காலி என்று பெயர் வைத்துவிட்டோம். எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் இல்லாதபோது அந்த வெறும் கூட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தம் எல்லாம் அடங்கி, யாரோ இரண்டு கையாலும் காதைப் பொத்தினது போல இருந்தது.

2. பத்தாத தோல்

கவருக்குப் பதினாலு துண்டு. தோல் மண்டியிலிருந்து இல்லாமல், இதற்கென்றே ராணிப்பேட்டை டேனரியில் தனியாகச் சாயம் போட்டு வந்தது. பழுத்த பப்பாளி நிறம். மொத்தம் ஐந்து தோல். ஒரு நாற்காலிக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். அதே நிறம் மறுபடி வேண்டுமென்றால் பத்து நாள் ஆகும் என்று டேனரியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பத்து நாள் இல்லை. திங்கட்கிழமை இந்த நாற்காலியைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் அம்மா நேரில் வந்து பார்க்கப்போகிறார். பிடித்தால் ஆர்டர்.

வியாழக்கிழமை நான் ஜாப் கார்டு எழுதினேன். மாடல், கலர் எல்லாம் சரி. எண்ணிக்கை என்ற இடத்தில் '1 ஜோடி' என்று எழுதினேன்.

சிரிக்காதீர்கள். ஷூ கம்பெனியில் ஒன்று என்றாலே ஒரு ஜோடிதான். பதினேழு வருடம் ஜோடி ஜோடியாகத் தைத்து, ஜோடி ஜோடியாக எண்ணின கை அது. கேண்டீனில் வடை வாங்கினால்கூட ஜோடியாகத்தான் கேட்போம். எழுதும்போது கை எழுதியது, நான் எழுதவில்லை.

ஜோடி என்றால் கட்டர் என்ன செய்வார்? பேட்டர்ன் அட்டையைத் தோல்மேல் வைத்து ஒன்று வெட்டுவார். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்து இன்னொன்று வெட்டுவார். ஒன்று வலது கால், மற்றது இடது கால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு பாய் என் மேஜைக்கு வந்தார்.

"சரோஜாம்மா, தோல் பத்தல."

போய்ப் பார்த்தேன். பதினாலில் ஏழு முடிந்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இன்னொன்று. மிச்சம் ஏழு துண்டுக்குத் தோலே இல்லை. அதற்குள் ரவி சாரும் வந்து நின்றுவிட்டார். மேஜையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஒரு நாற்காலிக்கு எதுக்கு பாய் ரெண்டு ரெண்டா வெட்டியிருக்கீங்க? இதுக்கு ஒரு பக்கம்தானே மேல ஏறி நிக்குது? எதிர்ப்பக்கத்துக்கு வெட்டினத வெச்சி இன்னா செய்யறது?"

பாய் வெட்டின துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"கவுத்து போட்டு யூஸ் பண்ண முடியுமா?"

"கவுத்தா சதைப் பக்கம் இல்ல சார் மேல வரும்? சொரசொரன்னு இருக்கும்."

"அப்ப இது எல்லாம் வேஸ்ட்டு! முப்பது வருஷமா கத்தி புடிக்கிறவர்னு உங்கள நம்பி குடுத்தா…"

"பழக்க தோஷம் சார்" என்றார் பாய்.

எனக்கு அந்த நிமிஷம் ஒரு நப்பாசை. நான் சரியாகத்தான் எழுதியிருப்பேன், இவர்தான் பழக்கத்தில் வெட்டிவிட்டார் என்று. ஆனால் என் கையெழுத்து எனக்கே கண்முன் தெரிந்தது. '1 ஜோடி'. நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் எடுத்தவள், அன்றைக்கு என் வாய் எங்கே போனதோ தெரியவில்லை.

ரவி சார் கடைசியாகச் சொன்னார். "திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க கட்டிங் மேஜைக்கு வர வேணாம் பாய். ஸ்டோர்ஸ்ல உக்காந்து பெட்டி எண்ணுங்க."

கட்டரை ஸ்டோர்ஸுக்கு அனுப்புவது என்பது சமையல்காரரைக் கூப்பிட்டுப் பாத்திரம் எண்ணச் சொல்வது போல. பாய் தலையை ஆட்டிவிட்டுக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். சுற்றி இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின் நான் கட்டிங் மேஜைக்குத் திரும்பினேன். வெட்டி முடித்த கார்டுகளைச் சுவரில் ஒரு ஆணியில் குத்தி வைப்பது வழக்கம். என் கார்டு அதில் இல்லை. மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில் தேடினேன். எங்கும் இல்லை. ரவி சார் எடுத்துப் போய்விட்டாரோ என்று பயம். அது கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். கிழித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

வெள்ளி ராத்திரி தூக்கமே இல்லை. சனிக்கிழமை காலையில் ரவி சாரிடம் போனேன், உண்மையைச் சொல்வதற்கு. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"சார், அந்த எதிர்ப்பக்கத் துண்டுங்க எல்லாம் பெருசு. மிச்சம் இருக்கிற பேட்டர்ன் முக்காவாசி சின்னது. அதுலயே இத வெட்டிக்கலாம் சார்."

"எல்லாம் வருமா?"

"ஆறு வரும். முதுகுத் துண்டு மட்டும் வராது. ரெண்டு துண்ட ஒட்டுப் போட்டு தைக்கணும்."

"டிராயிங்ல முதுகுல தையலே கிடையாதும்மா."

"உறுத்தாம தைக்கிறேன் சார். ஷூவுல குதிகால் பக்கம் தைக்கலியா? ஒரு நாளும் யாருக்கும் குத்தினதில்லியே?"

அவருக்கும் வேறு வழி இல்லை. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. டவுன் பஸ் பிடித்து, எலுமிச்சம்பழச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனேன். கட்டிங் மேஜையில் அன்வர் பாய் ஏற்கெனவே நின்று கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க பாய் இங்க?"

"திங்கட்கிழமையிலேர்ந்துதானே ஸ்டோர்ஸு? இன்னிக்கு ஞாயிறு."

அவர் வெட்டினார். ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையைப் பத்து விதமாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். ஆறும் வந்தன. முதுகுத் துண்டின் இரண்டு பாதிக்கும் ஓரத்தைச் சீவி மெலிசாக்கினார். இன்னும் கொஞ்சம் சீவுங்கள் என்றேன் நான். சீவினால் பிய்ந்துவிடும் என்றார் அவர். கால் மணி நேரம் சண்டை. கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. நான் எட்டு மாதமாகத் தொடாத மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். தையலின் இரண்டு ஓரத்தையும் விரித்து, சுத்தியலால் தட்டித் தட்டிப் படிய வைத்து, உள்ளே டேப் ஒட்டினோம்.

மதியம் என் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்றார். அப்போதுதான் ஆரம்பித்தேன்.

"பாய், அந்த கார்டு…"

"எந்த கார்டு? நீ தைக்கிறத பாரும்மா. ஊசி கையில ஏறிடப் போவுது."

பேச்சை அப்படியே வெட்டிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

4. அந்தம்மா உட்கார்ந்தார்

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தம்மா வந்தார். நெட்டையாக, வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ராக்கெட் நாற்காலி பப்பாளி நிறத்தில் ஜம்மென்று நின்றது. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. சுற்றி வந்து பார்த்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். ஒரு சுற்று சுற்றினார். எழுந்து, முதுகுப் பக்கம் கையை மெல்லத் தடவினார். கை நடுவில் நின்றது.

"இங்கே ஏன் ஒரு தையல்?" என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

ரவி சார் முந்திக்கொண்டார். கட்டர் தவறு செய்துவிட்டார், அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டோம், இனிமேல் இப்படி ஆகாது என்று.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஸ்டோர்ஸ் தெரிந்தது. அன்வர் பாய் குனிந்து பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க அந்த நாற்காலிக்காக நின்ற மனுஷர். இப்போது அது எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாகப் போய்விட்டது.

"சார், பாய் தப்பு பண்ணல. கார்டுல ஜோடின்னு எழுதினது நான்."

"இன்னாம்மா சொல்ற?"

"நான்தான் சார் எழுதினேன். அவரு எழுதினபடி வெட்டினாரு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அந்தம்மா என்ன பேசுகிறோம் என்று கேட்டார். ரவி சார் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஷூ, ஜோடி, வலது, இடது எல்லாம். அந்தம்மா முதலில் சிரித்தார். பிறகு மறுபடியும் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார். இதை நான் ஏற்க முடியாது, வரைந்ததில் தையல் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்து ஒன்று சொன்னார்: இன்னொரு கூடு அனுப்புகிறேன், புதுத் தோல் வந்ததும் அதற்குச் செய்து அனுப்புங்கள், இதை வெட்டினவரும் தைத்தவரும்தான் அதையும் செய்ய வேண்டும்.

அவர் கார் கிளம்பியதும் ரவி சார் என்னைக் கால் மணி நேரம் வாங்கு வாங்கு என்று வாங்கினார். எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான், நின்று கேட்டேன். பிறகு அவரே ஸ்டோர்ஸ் வரை நடந்துபோய், "பாய், மேஜைக்கு வாங்க" என்றார். வெள்ளிக்கிழமை பார்த்த அதே இருபது பேரும் பார்த்தார்கள்.

பாய் சந்தோஷமாக வருவார் என்று பார்த்தால், என்னைக் கண்டதும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"அறிவு இருக்குதா உனக்கு? யாரு உன்ன சொல்லச் சொன்னது?"

"உங்கள ஸ்டோர்ஸுல பாத்துட்டு எப்படி பாய் சும்மா இருக்கறது?"

"அந்த கார்ட நான் வெள்ளிக்கிழமையே கிழிச்சி டீக்கடை அடுப்புல போட்டாச்சு! யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. லைன்லேர்ந்து வந்த ஒரு பொம்பள, எட்டு மாசத்துல எழுதத் தெரியாம எழுதிட்டான்னு பேசுவானுங்க. அப்புறம் இன்னொரு பொண்ண இந்த மேஜைக்கு விடுவானுங்களா? எனக்கு இன்னா, பெட்டி எண்ணிக்கினு இருந்துட்டு போறேன். எல்லாத்தையும் பேஜார் பண்ணிட்ட."

தினமும் சண்டை போட்ட மனுஷர். நான் அங்கேயே மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதற்கும் திட்டினார், தோல்மேல் கண்ணீர் பட்டால் கறை ஆகிவிடும் என்று.

5. எழுதுகிறவர்களுக்கு

இரண்டாவது நாற்காலி தையல் இல்லாமல் போனது. ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர் மேஜையில் எனக்குப் பிறகு நான்கு பெண்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்டு எழுதினால் கட்டரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டிவிட்டுக் கொடுங்கள். தப்பு எழுதிவிட்டால் வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள். நடுவில் இருக்கிற நாட்களை வேறு யாரோ சுமக்க வேண்டி வரும்.

தையல் போட்ட முதல் நாற்காலி எங்கள் ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. விருந்தாளிகள்தான் அதில் உட்காருவார்கள். அன்வர் பாய் ரிட்டயர் ஆன அன்று அவருக்கு மாலை போட்டு அதில் உட்கார வைத்தோம். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்தார். நான் அவரை ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

"தையல் உறுத்துதா பாய்?" என்று கேட்டேன்.

முதுகை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"எங்க இருக்குதுன்னே தெரியலம்மா" என்றார்.

அது அவர் முதுகுக்குச் சரியாக நடுவில் இருந்தது.