இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஆறு பாட்டில்

போன சனிக்கிழமை எங்கள் திருச்சி தென்னூர் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஆறு பீர் பாட்டில்கள் படுத்திருந்தன. வாங்கி வந்தது நான். இடம் ஒதுக்கிக் கொடுத்தது அம்மா.

பதறாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வரிசையாகத்தான் சொல்ல வரும்.

லூகாஸ் என்னோடு வேலை பார்க்கும் பொறியாளர். செக் நாட்டுக்காரர். துவாக்குடிப் பக்கம் எங்கள் தொழிற்சாலையில் புதிய வெல்டிங் இயந்திரங்களை நிறுவ ஒரு வருடத்துக்கு வந்தார். இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. அவருக்கு ஆசைதான். ஸ்ரீரங்கத்தில் நாலாவது மாடி வீடு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரம். சாம்பாருக்குப் பழகிவிட்டார். மே மாதத்துக்கே பழகிவிட்டார்!

ஆனால் அவர் மனைவி ஹானா சம்மதிக்க வேண்டும். ஊரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று பத்து நாள் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்ப விமானம். 'மாட்டேன்' என்றால் லூகாஸும் கிளம்ப வேண்டியதுதான். ஒரு வருடம் பிரிந்து இருந்ததே போதும் என்று இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை கேன்டீனில் தயிர் சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டே லூகாஸ் கேட்டார்:

"சனிக்கிழமைக்குள் நல்ல பீர் கிடைக்குமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஹானா வந்த மறுநாள் அவரை ஒரு ஹோட்டல் பாருக்கு அழைத்துப் போயிருக்கிறார். இருட்டு. டிவியில் கிரிக்கெட். உள்ளே அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு ஹானாவைப் பார்த்திருக்கிறார்கள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"எங்கள் ஊரில் பீர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு மேஜையில் உட்கார்ந்து பேசுவது. இங்கே ஏதோ திருடுவது மாதிரி இருக்கிறது" என்றாராம். அதற்குப் பிறகு லூகாஸிடம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம் இல்லையா?

"ஒரே ஒரு சாயங்காலம் எங்கள் ஊரில் இருப்பது போல இருந்தால், அவள் யோசிப்பாள்" என்றார் லூகாஸ்.

என்னிடம் ஏன் கேட்டார்? பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே தெருவுக்கு ஒரு கிராஃப்ட் பீர் கடை. சின்னக் கொதிகலன்களில் அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தருவார்கள். தோழிகளோடு போவேன். அரை கிளாஸ். இது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மாவும் நானும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

(இதற்கெல்லாம் கடிதம் எழுத வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

அன்று மாலையே பட்டியல் போட்டேன். வழி ஒன்று: பெங்களூர்த் தோழி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவது. மாநில எல்லை, சட்டம், ஏழு மணி நேரச் சூடு... அடித்துவிட்டேன். வழி இரண்டு: சிங்கப்பூரிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்வது. திருச்சியில் இது ரொம்பச் சுலபம். எந்தத் தெருவிலும் வாரத்துக்கு ஒருவர் வந்து இறங்குவார். ஆனால் இந்த வாரம் வருவது என் பெரியம்மா. தைலம் வாங்கிவரச் சொல்லலாம். பீர்? அதையும் அடித்தேன்.

மிச்சம் இருந்தது, வெளிநாட்டுச் சரக்கு வைத்திருக்கும் அரசாங்க ஏசி கடை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்ததும் போனேன். கையில் பட்டியல் — பெயர், வகை, தயாரித்த தேதி, காலாவதி தேதி என்று நான்கு கட்டம்.

விற்பனையாளர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கூட வந்த ஆண் எங்கே என்று தேடுகிறார்!

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க. பில்ஸ்னர்னு ஒரு வகை பீர், இருக்கா?"

"ஸ்ட்ராங்கு இருக்கு, லைட்டு இருக்கு."

"அது இல்லைங்க... கோதுமையில செய்வாங்களே, இல்லேன்னா டார்க் பீர்?"

"டார்க்குன்னா ரம் எடுத்துக்கங்க. கூலிங் வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

நம் ஊரில் பீரைப் பற்றிய ஒரே உண்மையான கேள்வி அதுதான். கூலிங்கா? மற்றதெல்லாம் தத்துவம்.

நானே அலமாரியில் தேடினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேல் தட்டில், பச்சைப் பாட்டில்கள். ஐரோப்பாவில் தயாரித்தது. பெயர் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், விடுங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பித் தேதி பார்த்தேன்.

"பால் பாக்கெட்டா வாங்குறீங்க, தேதி பாக்குறீங்களே!" என்றார் அவர். வரிசையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம், நாலு பேரில் ஒருவர் தன் பாட்டிலைத் திருப்பி, சத்தமில்லாமல் தேதி பார்த்தார்.

ஆறு பாட்டில்கள். புதன்கிழமை போட்டோவைப் பெருமையோடு லூகாஸிடம் காட்டினேன்.

அவர் நன்றி சொன்னார். பிறகு கேட்டார்: "எங்கே உட்கார்ந்து குடிப்பது?"

பட்டியலில் நான்கு கட்டம் போட்டவள், ஐந்தாவதைப் போடவில்லை.

அவர் வீடு? முடியாது. வீட்டுச் சொந்தக்காரர் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டாராம்: "மாம்சமும் மதுவும் இந்த ஆத்துல கூடாது. மத்தபடி உங்காம் மாதிரி இருங்கோ." ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது. "அவருக்கு எப்படித் தெரியப் போகிறது?" என்று கேட்டேன். லூகாஸுக்கு நான் கேட்டதே புரியவில்லை. "நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

பார் வேண்டாம். பூங்கா, ஆற்றங்கரை கூடாது. கார்? கார் என்றால் ஹானா சொன்ன அந்தத் திருட்டேதான். லட்சக்கணக்கான பேர் வாழும் ஊர். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், ஒரு கிளாஸ் பீர் குடிக்க இடமில்லை. பீரைத் தேடி அலைந்த நான், நாற்காலியைத் தேடியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன்.

"கட்டினவனைத் தேடி வந்தவ நம்ம ஊர்ல இருக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறா. அவளைப் போயி ஹோட்டல் ஹோட்டலா இழுத்துட்டுத் திரியுறீங்க. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

"அம்மா... பீரும்மா."

"தெரியுது. மாவுக்குப் பக்கத்துல வை. அதுவும் புளிச்சது, இதுவும் புளிச்சது. ரெண்டும் சண்டை போட்டுக்காது."

"அப்பா?"

அம்மா என் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "ஒரு ஃப்ரெண்டைப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவார். திரும்பி வரும்போது ஏலக்காய் வாசனை வரும். அந்த நண்பரின் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் லூகாஸும் ஹானாவும் வந்தார்கள். ஹானா உயரமானவர், கொஞ்சமாகப் பேசுகிறவர். அம்மா சாப்பாட்டு மேஜையில் முறுக்கும் பட்டாணிச் சுண்டலும் வைத்தாள். டம்ளர்கள் எவர்சில்வரா கண்ணாடியா என்று யோசித்து, விசேஷத்துக்கு எடுக்கும் கண்ணாடி கிளாஸ்களை எடுத்தாள். ஐந்து.

அப்பா வழக்கப்படி சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க? வந்தவங்களோட உக்காருங்க. நான் மோர் குடிச்சுக்கிறேன்" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்த சத்தம் கேட்டதும் எழுந்தார். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தப் போனார் — கை தானாகப் போகிறது, பாவம்.

"தொறந்தே இருக்கட்டுங்க. காத்து வரட்டும்."

ஹானா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். தமிழ் தெரியாது. ஆனால் ஜன்னல் தெரிந்தது.

அப்பா என் கிளாஸைப் பார்த்தார். "நீயுமா?"

"அரை கிளாஸ்ப்பா."

பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "அரை கிளாஸ்னா வெறும் நுரைதான் வரும். சரியா ஊத்திக்க."

அவ்வளவுதான். இத்தனை வருட ரகசியம், ஒரே வரியில் முடிந்தது.

லூகாஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "அருமை!" என்றார். ஹானா குடிக்கவில்லை. முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"இது கெட்டுவிட்டது" என்றார்.

லூகாஸின் முகம் தொங்கிப்போனது. நான்கு நாள் அலைச்சல், நான்கு கட்டப் பட்டியல்... போச்சு.

"வெளிச்சம் பட்டிருக்கிறது. பச்சைப் பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்காது. கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்திருப்பார்கள்."

அப்பா தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு, ரயில்வே ஆங்கிலத்தை விட்டுவிட்டு, என்னிடம் தமிழிலேயே சொன்னார்:

"இதைச் சொல்லும்மா அவங்ககிட்ட. முப்பது வருஷமா, பீருன்னாலே இந்த வாசனைதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

மொழிபெயர்த்தேன். ஹானா ஒரு கணம் அப்பாவையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அம்மாவும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் இரண்டு மணி நேரம் அந்த மேஜையை விட்டு யாரும் எழவில்லை. பழுப்புப் பாட்டில் ஏன் நல்லது, கிளாஸை எவ்வளவு சாய்க்க வேண்டும், நுரையை ஏன் ஊதித் தள்ளக்கூடாது — ஹானா சொல்லச் சொல்ல அப்பா கேள்வி மேல் கேள்வி. அத்தனை வருடம் அந்த 'ஃப்ரெண்டை'ப் பற்றி அவர் யாரிடம் பேசியிருப்பார்? இரண்டாவது பாட்டிலோடு நிறுத்திவிட்டோம். கெட்டுப்போன பீர், தீர்ந்துபோன சுண்டல். எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே பார்த்து, "விருந்தாளிங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் வாழ்வது என்றால் கடல் தாண்டிப் போவது என்று நினைத்திருந்தேன். சொந்த வீட்டு மேஜைக்கு வர அப்பாவுக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஞாயிறு மதியம் லூகாஸிடமிருந்து செய்தி வந்தது. ஹானா சரி என்று சொல்லிவிட்டார். ஊரில் வீட்டை ஒழித்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறார். சுங்கத்தில் ஒரு ஆளுக்கு அனுமதித்த இரண்டு லிட்டரையும் பழுப்புப் பாட்டிலில் கொண்டுவருவதாக அப்பாவிடம் சொல்லச் சொன்னாராம்.

சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆனால் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு தினசரி காலண்டரில், நாளைய தாளை அப்பா இன்றைக்கே கிழித்துவிடுகிறார்.