தொட்டில் சொன்ன பாட்டு

எங்கள் கொடைக்கானல் வீட்டு உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் எல்லோரும், "இதக் கழட்டிரலாமா?" என்று கேட்பார்கள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிடுவேன்.

என் அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தா பஜாரில் கம்பளியும் குடையும் விற்றார். அவருக்கு மனதில் உள்ளதைப் பேச வராது. பாட்டு வரும், அதுவும் சாமான்களின் வாயால்தான். கம்பளியை விரித்துப் போட்டு, கம்பளியே தன் பெருமையைச் சொல்வதுபோல நாலு வரி பாடுவார். விலை கேட்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். வீட்டிலும் அதே கதைதான். உப்புக் குறைந்தால் அவர் சொல்லமாட்டார், சட்டி சொல்லும்.

ஒரு ஐப்பசி மழையில் என் தம்பி நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனான். பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடக்கம் முடிந்து வந்த அத்தா, "அல்லா குடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அவன் பேரையே எடுக்கவில்லை. மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மாதம் ஒன்று பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு பழநியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிட்டார். இனி அந்த மலையை மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அப்போது பழநிக்கு நேரே சாலை கிடையாது. பொதிக்குதிரைக்காரர் ஒருவர் மேலிருந்து பூண்டு கொண்டுவருவார், கீழிருந்து அரிசி ஏற்றிப் போவார். அவர் மூலம் சேதி அனுப்பலாம். ஆனால் மச்சான் வீட்டு வாசலில் இன்னொரு ஆண்பிள்ளை நின்று, "உன் புருசன் உன்னைத் தேடுறாரு" என்று சொல்ல முடியுமா? மானம் போய்விடும். வீட்டில் தேநீர் கொதிக்கிற கெட்டில் தேடினால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா. அதனால் அத்தா கெட்டிலின் வாயால் பாட்டுக் கட்டிச் சொல்லி அனுப்பினார். குதிரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா நிற்கும் கதவுப் படுதாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொல்வார்:

"மூணு பேருக்குக் கொதிச்ச வாயி
ஒத்த ஆளுக்குக் கொதிக்கக் கூசுது;
மூடியத் தட்டிச் சத்தம் போட்டும்
மொகத்தக் காட்ட யாருமில்ல."

மாமா வாய்விட்டுச் சிரிப்பார். "மச்சானவிட அவரு கெட்டிலு நல்லாப் பேசுது" என்பார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நடைக்குக் குடை பேசியது, அதற்கடுத்து அம்மாவின் போர்வை பேசியது. எனக்கோ, இன்னும் ரெண்டு சாமான் பேசினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசை.

கடைசியில் அம்மா படுதாவுக்குப் பின்னாலிருந்து வாய் திறந்தார். "வீட்டுல உள்ள சாமானெல்லாம் பேசுது. தொட்டில் மட்டும் ஒண்ணுமே சொல்லலியான்னு கேளுங்க."

அடுத்த முறை குதிரைக்காரர் பூண்டு மட்டும்தான் கொண்டுவந்தார். "ஒண்ணும் சொல்லி விடலங்க" என்று தலையைச் சொறிந்தார். அன்று அம்மா சாப்பிடவில்லை. எனக்கு அத்தாமேல் அப்படியொரு கோபம்.

அதற்கடுத்த நடையில் குதிரைக்காரர் வந்ததும் வாசலில் நிற்கவில்லை. குதிரையின் பக்கம் திரும்பி, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, அதற்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்:

"ஆட்டுற கை இல்ல, ஆனாலும் ஆடுறேன்;
காத்துன்னு நெனைக்காத, தாயி.
அந்தியில கடையடைச்சுட்டு அவன் அத்தா வந்து
ஆளில்லாத என்னைத் தொட்டுட்டு நிக்கிறாரு."

மாமா சிரிக்கவில்லை. படுதாவுக்குப் பின்னால் அம்மா அழுத அழுகை தெருவுக்குக் கேட்டிருக்கும். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "நாளைக்கு எந்நேரம் கெளம்புறீங்க?" என்று கேட்டார்.

"வெள்ளனே கெளம்பிரலாம் தாயி. பிள்ளைய அரிசி மூட்டைமேல உக்கார வச்சுக்கலாம்."

மலையேறி வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தா எழுந்து நின்றார். வாங்க என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை அந்த மனிதருக்கு. அம்மா நேரே போய் உத்தரத்துக் கொக்கியில் தொங்கிய தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டார். அது நிற்பதற்குள் அத்தா தம்பியின் பேரைச் சொன்னார். எந்தச் சாமானின் வாயாலும் இல்லை, தன் வாயால். பிறகு இருவரும் அதன் கீழேயே உட்கார்ந்து, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர்கள் அழ அழ, மறுபடி பிரிந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு விட்டுப்போனது.

தொட்டில் செல்லரித்துப் போய் எத்தனையோ காலமாகிறது. அவர்களும் இல்லை. தம்பியின் பேரைச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். காலையில் ஜன்னலைத் திறக்கும்போது அந்தக் கொக்கியை நிமிர்ந்து பார்த்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.